எளிய கோடா, கைவராத கோடா: ஒரு கிராஃபிக் நாவலை எடைபோடுவது எப்படி?

கேட்டிருப்பவர் நாவல் படித்துப் பழகியவர். மர்ஜானே சத்ரபி ஈரானில் கழிந்த தன் சிறுவயதைப் படக்கதையாகச் சொல்லும் ‘பெர்செபோலிஸ்’ முதல் பாகத்தை வாங்கி ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார். “ஓவியம் பள்ளிக்கூடப் பிள்ளை வரைந்தது போலத் தட்டையாக இருக்கிறது, கதையும் சட்டென்று தீர்ந்துவிட்டது. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? இந்த மாதிரி சுயாதீன காமிக்ஸில் நல்லது எது, சுமாரானது எது என்று எதை வைத்துச் சொல்வது?” என்கிறார். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எப்படிப் படிப்பது, எப்படி எடைபோடுவது. முதலாவதைச் சரிசெய்யாமல் இரண்டாவதுக்குப் போக முடியாது. ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது பேச்சுப் பலூன்களில் இருந்த வசனம். பக்கங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

சுயாதீன காமிக்ஸ் என்றால் நடைமுறையில் இவ்வளவுதான்: கதையும் பாத்திரங்களும் படைத்தவருக்கே சொந்தம், எத்தனை பக்கம், எந்த அளவு, எப்படி முடிவது என்பதை அவரே தீர்மானிக்கிறார். 1972-லிருந்து சிவகாசி முத்து காமிக்ஸ் வழியாக நமக்குப் பழக்கமான மாயாவியும் மற்ற நாயகர்களும் வேறு முறையில் பிறந்தவர்கள். அங்கே பாத்திரம் கம்பெனியின் சொத்து. எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர், பலூன்களில் எழுத்தை எழுதும் லெட்டரிங் இன்னொருவர், அவர்கள் மாறிக்கொண்டும் இருப்பார்கள். யார் வரைந்தாலும் நாயகன் அதே ஆளாகத் தெரிய வேண்டும் என்பதால் உடற்கூறு, அடிதடியின் வேகம், பின்னணி நுணுக்கம் ஆகியவையே அங்கே திறமைக்கு அளவுகோல். அந்த அளவுகோலோடு வந்தால் சத்ரபி தட்டையாகத்தான் தெரிவார். சுயாதீனம் என்பது தரச் சான்றிதழ் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எடிட்டர் குறுக்கே நிற்காததால் துணிச்சலான புத்தகங்கள் வருகின்றன. வெட்ட வேண்டிய 40 பக்கம் வெட்டப்படாமல் வருவதும் அதே காரணத்தால்தான்.

உங்கள் கையிலிருக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தையே திறங்கள். முதல் கட்டத்தில், அதாவது கோடு போட்டு அடைத்த முதல் படத்தில், முக்காடு போட்ட சிறுமி தனியாக உட்கார்ந்திருக்கிறாள்; இது நான், பத்து வயதில், வருடம் 1980 என்கிறது மேலுள்ள வரி. அடுத்த கட்டம் வகுப்புப் படம். நான் இடது ஓரத்தில் இருக்கிறேன், அதனால் உங்களுக்குத் தெரியமாட்டேன் என்று சொல்லிவிட்டு மற்ற நான்கு பிள்ளைகளின் பெயரை வரிசையாகச் சொல்கிறாள். கட்டத்தின் இடது விளிம்பைப் பாருங்கள். அவள் உடம்பில் ஒரு துணுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறது, மிச்சத்தைக் கட்டத்தின் கோடு வெட்டிவிட்டது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், முதல் கட்டத்தில், அவள் முழுதாக உட்கார்ந்திருக்கிறாள். வகுப்புக்கும் அவளுக்கும் நடுவே இருப்பது இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள அந்த வெள்ளை இடைவெளி. எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புத் துணி போட்டிருந்தும் இவள் கூட்டத்தோடு ஒட்டவில்லை என்பது வசனத்தில் எங்கும் இல்லை. அதைக் கட்டத்தின் கோடு சொல்கிறது. அதே பக்கத்தின் அடியில் பிள்ளைகள் அந்த முக்காட்டுத் துணியைக் கயிறாக்கித் தாண்டி விளையாடுகிறார்கள். ஒரு பக்கத்துக்குள் முக்காடு கட்டாயம் என்ற விதி வந்து, துணி வந்து, குழந்தைகள் அதை விளையாட்டுச் சாமானாக மாற்றியும் ஆகிவிட்டது.

இனி அந்தத் தட்டையான கோட்டுக்கு வருவோம். எளிமையாக வரைவதும் வரையத் தெரியாமல் வரைவதும் முதல் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரித்துப் பார்க்கச் சில சோதனைகள் உண்டு, இவை பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. ஒரு பாத்திரம் தலைமுடி, கண்ணாடி, சட்டை மாறி வந்தாலும் அவர் யாரென்று தெரிகிறதா? முகம் பக்கவாட்டில் திரும்பும்போது, கீழிருந்து பார்க்கும்போது, அழும்போது அதே ஆள்தானா? கைகளைப் பாருங்கள்: வரையத் தயங்குகிறவர்கள் கைகளைச் சட்டைப் பைக்குள்ளும் முதுகுக்குப் பின்னும் மேசைக்கு அடியிலும் ஒளித்துக்கொண்டே போவார்கள், 30 பக்கத்துக்குள் அது பிடிபட்டுவிடும். மூன்றாவது, கறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரம் மறைந்து கறுப்புத் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவை பார்வையை ஒரு இடத்துக்குக் கொண்டுபோனால் வரைந்தவர் யோசித்திருக்கிறார். பக்கம் முழுக்க ஒரே சாம்பலாகக் கலங்கியிருந்தால் அவர் பக்கத்தைக் கோடுகளால் நிரப்பியிருக்கிறார், அவ்வளவுதான். ‘பெர்செபோலிஸ்’ இந்த மூன்றிலும் தேறும். அதில் சாம்பல் நிறமே கிடையாது, நிழலுக்குக் குறுக்குக்கோடும் கிடையாது. முக்காடிட்ட பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது உடம்பெல்லாம் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டு முகங்கள் மட்டும் வெள்ளையாக மிதக்கின்றன. நுணுக்கமாகத் துணி மடிப்பு வரைந்திருந்தால் இந்த விளைவு கெட்டிருக்கும்.

படிக்கும் முறைக்கு என் சிபாரிசு இது. முதல் தடவை உங்கள் வேகத்தில் கதைக்காகப் படியுங்கள், எதையும் குறிக்க வேண்டாம். இரண்டாம் தடவை வசனத்தைத் தொடாமல் படங்களை மட்டும் பாருங்கள். 150 பக்கப் புத்தகத்துக்கு அரை மணி நேரம் போதும். யார் யாரிடம் பேசுகிறார், யாருக்கு மனம் சரியில்லை, எந்த இடம், பகலா இரவா என்பது படத்திலிருந்தே தெரிகிறதா? தெரியாத பக்கங்களில் காகிதத் துண்டு வையுங்கள். மூன்றாவதாக, நடுவிலிருந்து 20 பக்கம் எடுத்துப் பக்கத்துக்கு எத்தனை கட்டம் என்று எண்ணி வரிசையாக எழுதுங்கள். 6, 6, 7, 6, 6, 1, 6 என்று வந்தால் அந்த ‘1’ எதற்காக வந்தது என்று கேளுங்கள். பத்திரிகையாளர் ஜோ சாக்கோ பாலஸ்தீனத்தில் கண்டதையும் கேட்டதையும் வரைந்த ‘பாலஸ்தீன்’ இதழ்கள் 1993-லிருந்து வந்தவை. அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தலையில் சாக்கு மாட்டி விசாரிக்கும் பகுதி இருக்கிறது. நாட்கள் போகப்போகக் கட்டங்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகி, கடைசியில் தபால்தலை வரிசை போல ஆகிவிடும். இடையிலுள்ள இடைவெளியும் கறுப்பு. படிக்கிறவருக்கே மூச்சு முட்டும். எண்ணிப் பார்த்தால்தான் அந்த மூச்சுமுட்டல் எப்படிச் செய்யப்பட்டது என்று புரியும். எண்ணிக்கை மாறுவதற்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாத புத்தகங்கள் நிறைய உண்டு. அங்கே கதை பக்கங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது, பக்கங்களாக யோசிக்கப்படவில்லை.

எடைபோடுவதில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி ஒன்று இருக்கிறது: எழுத்தும் படமும் ஒன்றையே சொல்கின்றனவா, ஒன்று சொல்லாததை மற்றது சொல்கிறதா? நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்பிழைத்த தன் அப்பாவின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் சொல்லும் ‘மவுஸ்’ இரண்டாம் பாகத்தில் (1991) ஒரு பக்கம். யூதர்களை எலிகளாக வரைந்த அவர், இங்கே மனித உடம்போடு எலி முகமூடி கட்டிக்கொண்டு வரைபலகை முன் உட்கார்ந்து நம்மோடு பேசுகிறார். மேலே நான்கு சிறிய கட்டங்கள், நான்கிலும் அவர் தலையும் தோளும் மட்டும். சொல்வதெல்லாம் தேதிகள்: அப்பா இறந்தது 1982 ஆகஸ்டில், எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போவது 1987 மே மாதம், 1944 மே மாதத்தில் சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரி யூதர்கள் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள், முதல் பாகம் 1986 செப்டம்பரில் வந்தது, நன்றாகப் போனது. கணக்குப்பிள்ளை குரல். தலையைச் சுற்றி ஒன்றிரண்டு ஈக்கள், ஏனென்று தெரியாது. கீழே பாதிப் பக்கத்துக்குப் பெரிய கட்டம் வருகிறது, பார்வை தாழ்கிறது. அவருடைய மேசை நிற்பது எலிப் பிணங்களின் குவியல்மேல். ஈக்கள் அதற்காக வந்தவை. சன்னலுக்கு வெளியே காவல் கோபுரம். பிணங்களைப் பற்றிக் குறிப்பாக ஒரு சொல் இல்லை. வெற்றியைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். இந்தப் பக்கத்தை உரைநடையாக மாற்றி எழுதிப் பாருங்கள், ‘குற்றவுணர்வு’ என்ற சொல்லைப் போடாமல் முடிக்க முடியாது. படத்தை எடுத்தாலும் எழுத்தை எடுத்தாலும் பக்கம் சரிந்துவிட வேண்டும். அப்படிச் சரியும் பக்கங்கள் ஒரு புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு இருந்தாலே அது மதிக்கத்தக்க வேலை.

இதற்கு நேரெதிர்தான் புதியவர்களின் முதல் புத்தகங்களில் மிக அதிகமாகத் தென்படும் குறை. மேலே “மழை கொட்டியது. அவன் குடையில்லாமல் நடந்தான்” என்று எழுத்து, கீழே மழையில் குடையில்லாமல் நடக்கும் ஆள். சிறுகதையை எழுதிவிட்டு அதற்குப் படம் போட்டால் இப்படித்தான் ஆகும். இன்னொன்று, ஆறு கட்டமும் இரண்டு முகங்கள் பேசிக்கொண்டே இருப்பது. முகத்தைத் தவிர வேறெதையும் வரையத் தெம்பில்லை என்பதே பாதி நேரம் காரணம். மூன்றாவது, போட்டோவை அடியில் வைத்து வரைந்த படம்: கோட்டின் தடிமன் எங்கும் ஒரே மாதிரி இருக்கும், பாத்திரம் நடந்தாலும் நின்றதுபோல இருக்கும், ஒரே அறையில் இருவர்மேல் வெளிச்சம் இரண்டு திசையிலிருந்து விழும். நான்காவது பலூன் வரிசை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று வரும் கண்ணுக்கு முதலில் படுகிறவர் முதலில் பேச வேண்டும். பதில் சொல்பவரை இடப்பக்கம் வரைந்துவிட்டால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், வாசகர் பதிலை முதலில் படித்துவிட்டுத் திரும்பி வருவார். இது பென்சில் நிலையிலேயே பலூனுக்கு இடம் விடாததால் வருவது. ஐந்தாவது, கடைசி மூன்றிலொரு பங்கில் பின்னணி காணாமல் போய், கட்டங்கள் பெரிதாகி, எல்லாம் அவசரமாவது. தனியாள் ஒரு பக்கத்தை முடிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், 200 பக்கம் என்றால் வருடக்கணக்கு. பணமும் தெம்பும் தீருவது கண்ணுக்குத் தெரிகிற குறை இது. என்னால் இதை மன்னிக்க முடிகிறது, ஆனால் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

அச்சின் குற்றத்தை ஓவியர் தலையில் போடாமல் இருப்பதும் நியாயமான மதிப்பீட்டின் பகுதி. ஓவியர்கள் பலரும் அச்சில் வருவதைவிடப் பெரிதாக, ஏறக்குறைய ஒன்றரை மடங்கில் வரைந்து சுருக்குவார்கள். கோடு இறுகி அழகாகத் தெரியும். ஸ்பீகல்மன் ‘மவுஸ்’ பக்கங்களை அச்சு அளவிலேயே வரைந்தார்; கை நடுக்கம் வரை அப்படியே வாசகரிடம் போய்ச் சேர்வது அதன் விளைவு. ஆக, புத்தகத்தின் அளவும் எழுத்தின் ஒரு பகுதி. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பத்தை நாவல் அளவுக்குச் சுருக்கினால் பக்கத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு கட்டமும் அடைந்துபோய்க் குறுக்குக்கோடுகள் கறுப்புத் திட்டாகிவிடும். சுத்தக் கறுப்பு-வெள்ளைக் கோட்டை 600 முதல் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) வரை ஸ்கேன் செய்து சாம்பல் கலக்காமல் அச்சிட வேண்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கோட்டின் ஓரம் புள்ளி புள்ளியாக இருந்தால் சாம்பல் கோப்பாக அனுப்பியிருக்கிறார்கள், படிக்கட்டு போல இருந்தால் இணையத்துக்கான சிறிய கோப்பை நீட்டியிருக்கிறார்கள். 70 ஜிஎஸ்எம் போன்ற மெல்லிய தாளில் பெரிய கறுப்புகள் பின்பக்கம் தெரியும். பசை பைண்டிங்கில் உள் ஓரம் விடாமல் அமைத்தால் நடுவில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் முழுங்கிவிடும், இரட்டைப் பக்கப் படத்தில் நடுவில் நின்ற ஆள் காணாமல் போவார்.

தமிழில் படிக்கும்போது இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று பலூன். அமெரிக்க காமிக்ஸில் கட்டத்துக்கு 35 சொல், பக்கத்துக்கு ஆறு கட்டம், மொத்தம் 210 சொல் என்ற பழைய கணக்கு ஒன்று உண்டு. தமிழுக்கு இது உதவாது. ‘கேட்டுக்கொண்டிருந்தார்கள்’ ஒரே சொல்தான், ஆனால் ஆங்கிலத்துக்காக வரைந்த ஒடுங்கிய பலூனில் அது இரண்டு வரிக்கு உடையும். எந்த இடத்தில் உடைக்கிறார்கள் என்று பாருங்கள். ‘கேட்டுக் / கொண்டிருந்தார்கள்’ என்றால் வாய்க்கு வரும்; ‘கேட்டுக்கொண்டி / ருந்தார்கள்’ என்றால் பேசுகிறவர் திக்குவது போல ஆகிவிடும். மூலத்தில் தடித்த எழுத்தில் அழுத்தம் கொடுத்த சொல்லைத் தமிழிலும் தடித்தே போடுவது இன்னொரு தவறு. நமக்கு அந்த வேலையை ‘தான்’, ‘ஏ’, ‘கூட’ செய்கின்றன. தடித்த எழுத்து கத்துவது போலத்தான் விழும். இரண்டாவது விஷயம் பக்க எண். நல்ல ஓவியர் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவைத் தட்டவிட்டு, தாளைத் திருப்பியதும் இடப்பக்கத்தில் கதவைத் திறப்பார். தமிழ்ப் பதிப்பில் ஒரே ஒரு பக்க முன்னுரை கூடுதலாகச் சேர்த்தாலும் எல்லாம் ஒரு பக்கம் நகர்ந்து, தட்டுவதும் திறப்பதும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இரட்டைப் பக்கப் படங்கள் முதுகும் முகமுமாகப் பிரியும். சேர்த்தால் இரண்டு பக்கமாகச் சேர்க்க வேண்டும். போனில் கட்டம் கட்டமாகப் படிக்கும்போதும் இதே இழப்பு முழு அளவில் நடக்கிறது. அப்படிப் படித்த புத்தகத்தின் பக்க அமைப்பைப் பற்றித் தீர்ப்பு சொல்லாமல் இருப்பதே சரி.

நான் சொன்ன சோதனைகளுக்கு எல்லை உண்டு. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வரைந்த ‘பீமாயணா’ (2011) அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்கிறது. அதில் செவ்வகக் கட்டமே இல்லை. பர்தான் கோண்டு மரபில் சுவரில் போடும் கோல வளைவுகள்தான் பக்கத்தைப் பிரிக்கின்றன. நல்ல சொல் பேசுகிறவரின் பலூன் பறவை வடிவில் இருக்கும்; தீண்டாமை பேசுகிறவரின் பலூனுக்குத் தேள் கொடுக்கு வால். தாகத்துக்குத் தண்ணீர் மறுக்கும் வாயிலிருந்து அந்தக் கொடுக்கு நீளும்போது வசனத்தைப் படிக்கும் முன்பே வலி தெரிந்துவிடுகிறது. இங்கே உட்கார்ந்து கட்டம் எண்ணினால் ஒன்றும் கிடைக்காது, முகத்தில் உணர்ச்சி தேடினாலும் கிடைக்காது. புத்தகம் தானே வைத்துக்கொண்ட விதி என்ன, அதைக் கடைசிவரை காப்பாற்றுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விஷயத்தின் கனத்தைப் புத்தகத்தின் தரமாக எண்ணிவிடுவதும் நடக்கிறது. போர், சாதி, நோய், சிறை என்றதும் குறை சொல்லத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் தரும் மரியாதை, அது இருக்கட்டும். ஆனால் சாட்சியத்தை எடுத்து வரைகிறவர்மேல் பொறுப்பு கூடுதல். எது ஒருவர் சொன்னது, எது பலர் சொன்னதைச் சேர்த்தது, எது கற்பனை என்று அவர் காட்ட வேண்டும். ஈழப்போரின் கடைசிக் காலத்தைச் சொல்லும் ‘வன்னி’ (2019), 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வெளியேற்றப்படும்வரை வன்னியில் பணியிலிருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லின்ட்சே பொல்லாக் வரைந்தது. அதில் வரும் குடும்பம் பலருடைய சாட்சியங்களிலிருந்து உருவாக்கிய கற்பனைக் குடும்பம். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், ஒரே குடும்பத்துக்கு இத்தனையும் நடக்குமா என்ற சந்தேகத்துக்குப் பதில் கிடைத்துவிடும். அந்தச் சேர்க்கை கதைக்கு நியாயம் செய்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள்தான் பதில் தேட வேண்டும்.

இவற்றில் உறுதியாகச் சொல்லத்தக்கவை எவை? படிக்கும் வரிசை தெளிவா, ஆள் அடையாளம் தெரிகிறதா, எழுத்து படத்தைத் திருப்பிச் சொல்கிறதா, லெட்டரிங், அச்சு ஆகியவற்றை இருவர் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருவார்கள். கோட்டின் அழகு, நகைச்சுவை, எந்த இடத்தில் மனம் கலங்கியது என்பதில் சண்டை வரும், வரட்டும். விருதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். ‘மவுஸ்’ 1992-ல் அமெரிக்காவின் புலிட்சர் விருது வாங்கியதே வழக்கமான பிரிவு எதிலும் பொருத்த முடியாமல் சிறப்பு விருதாகத்தான். எழுதியவரும் வரைந்தவரும் வேறு வேறு என்றால் “கதை அருமை, ஓவியம் மோசம்” என்று பிரித்துச் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். ஹார்வி பீக்கார் தன் அன்றாட வாழ்க்கையைக் கதையாக்கி 1976-லிருந்து தானே வெளியிட்ட ‘அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்’ இதழ்களில் அவர் வரையவே இல்லை, பல ஓவியர்கள் வரைந்தார்கள். அதில் இரண்டு பேர் வாய் திறக்காமல் நிற்கும் ஒரு கட்டம் யாருடைய யோசனை என்று அச்சான பக்கத்தைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

அடுத்த புத்தகம் வாங்கக் கடைக்குப் போகும்போது முதல் பத்துப் பக்கத்தைப் பார்க்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் உழைத்திருப்பார்கள். நடுவைத் தாண்டித் திறந்து தொடர்ந்து மூன்று பக்கம் படம் மட்டும் பாருங்கள், பிறகு அதே மூன்றை வசனத்தோடு. வசனம் வந்ததும் பக்கம் வேறொன்றாக மாறினால் எடுத்துக்கொள்ளலாம். கடைசி 20 பக்கத்தைப் படிக்காமல் புரட்டி, பின்னணி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘பெர்செபோலிஸ்’ஸை இப்போதைக்குத் தூக்கிப் போட வேண்டாம், முதல் அத்தியாயத்தை மட்டும் வசனம் தொடாமல் ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டை என்ற எண்ணம் அப்போதும் இருந்தால் எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள், அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துப் பேசுவோம்.